உள்ளே போன பிறகு திருப்பக்கூடாது

மார்ச் 10, ஞாயிறு

கோடை நேரத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள். தூக்கத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. முதல் மாதிரித் தேர்வில் இன்னொரு மணி நேரம்.

தொண்ணூறு கேள்வி, அறுபது நிமிடம். நாற்பத்து நான்கு சரி.

போன செப்டம்பரில் நிஜத் தேர்விலும் இதே கதைதான். பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு. சரியான விடைகளை அவர்கள் அளவுகோலில் முப்பதுக்கு மாற்றிப் போடுவார்கள். உயிரியல், வேதியியல், வாசிப்பு, எல்லாவற்றிலும் இருபதுக்கு மேல். வடிவங்களைப் பார்த்து யோசிக்கும் பகுதியில் மட்டும் பதினாறு. சேர்க்கை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் இரக்கமாகத்தான் பேசினார். "மத்ததெல்லாம் நல்லாவே இருக்கும்மா. அந்த ஒண்ணுதான். ஒரு பத்தொன்பது கொண்டு வா, அடுத்த வருஷம் திரும்பப் பாக்கலாம்."

அடுத்த வருஷம் வந்துவிட்டது. ஜூலை 12, தேதி வாங்கியாயிற்று. மூன்றாவது முறை போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. இதோடு சரி. பத்தொன்பது, இல்லையென்றால் வேறு வேலை.

என்னோடு வீட்டில் இருக்கும் நொயெலுக்கும் அதே நாள்தான். அவளுக்கு இது முதல் முறை. வீட்டு வாடகையைப் பகிர்வதுபோல் மாதிரித் தேர்வுக் கணக்கையும் பகிர்ந்துகொள்கிறோம். பத்துத் தேர்வுகள். ஒருத்தி முடித்ததும் அழித்துவிட்டு மற்றவள் புதிதாகத் தொடங்கலாம். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி இரண்டு பத்தி போட்டிருக்கிறாள். ஐலாவாகிய எனக்கு ஐ., அவளுக்கு நொ. அவரவர் மதிப்பெண்ணை அவரவர் எழுத வேண்டும்.

ஒரே ஒரு விதி. பத்தாவதைத் தொடக்கூடாது. ஜூன் கடைசியில், ஒரே காலையில், இருவரும் சேர்ந்து.

"அது நம்ம தெர்மாமீட்டர்டி" என்றாள் நொயெல். "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே வாயில வெச்சுக் கடிச்சு உடைச்சிராத."

மார்ச் 13

கனவில் கனசதுரங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எத்தனை முகம் வெளியே தெரிகிறது என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

நான் உதவியாளராக இருக்கும் பல் மருத்துவமனையில் இன்று நான்கு பல் அச்சு எடுத்தேன். மூன்று கீழ்வரிசை, ஒன்று மேல்வரிசை. இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து, இரண்டு நிமிடம். இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். கை தானாகப் போகிறது.

டார்லீன் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முப்பது வருடமாகப் பல் சுத்தம் செய்பவர். வாய்க்குள் பார்க்காத நேரமெல்லாம் அடுத்தவர் காரியத்துக்குள் பார்ப்பார்.

"பரீட்சையில என்னதான் கேக்குறான் உங்கிட்ட?"

சொன்னேன். ஆறு வகை. ஒரு பொருளைக் காட்டி, இது எந்தத் துவாரத்துக்குள் நுழையும் என்பது ஒன்று. மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்ததைக் கொடுத்து, பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்பது ஒன்று. நான்கு கோணங்களில் சிறியது எது, பெரியது எது. மடித்த காகிதத்தில் துளை போட்டால், விரிக்கும்போது எங்கெல்லாம் துளை. கனசதுரம் எண்ணுவது. விரித்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி.

"இதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா மூணு பேருக்கு எக்ஸ்ரே பாக்கி இருக்கு. அது எந்தத் துவாரத்துல நுழையும்னு பாரு."

ஏப்ரல் 7, ஞாயிறு

ஐந்து தேர்வு முடிந்தது. 44, 47, 46, 51, 50.

நொயெல்: 52, 55, 58, 57, 61.

பல் துலக்கும்போது நான் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். குளியலறையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிறது. கதவைச் சாத்தினால் தெரியாது. சாத்துவதில்லை. ஏன்?

ஏப்ரல் 28

ஒன்பதும் ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றைத் தொடங்கிவிட்டேன். முதல் தேர்வு: 59. முன்பு 44.

ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. காலையில் அதன் சத்தம் கேட்டது.

மே 5

இரண்டாவது, 63. மூன்றாவது, 66.

முறை பழகிவிட்டது. முடித்தவுடன் தவறான கேள்விகளைத் திறந்து, சரியான விடையைப் பார்த்து, பச்சைக் கட்டத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவது. நாற்பது தவறுக்குப் பத்து நிமிடம் போதும். நொயெல் ஒரே கேள்வியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். கையை மடக்கிப் பெட்டி செய்கிறாள். தவறுகளைத் திரும்பப் பார்ப்பதில் அவள் இன்னும் மூன்றாவது தேர்வைத் தாண்டவில்லை.

மே 18, சனி

மூன்றாவது தேர்வு, மூன்றாவது முறை. தொண்ணூறுக்கு எண்பத்து நான்கு. பதினெட்டு நிமிடம் மிச்சம்.

தாளில் எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

வெளியே போய் ஏரிக்கரையில் நடந்தேன். காற்றில் கண்ணில் நீர் வந்தது. காற்றினால்தான்.

மே 20

"எம்பத்து நாலா!" என்றார் டார்லீன். "மகாராணி இனிமே பிளாஸ்டர் கலக்குவாங்களா, இல்ல நான் கலக்கணுமா?"

கலக்கினேன். சிரித்துக்கொண்டே கலக்கியதில் தண்ணீர் கூடிவிட்டது. அச்சில் ஊற்றி எடுத்த மாதிரிப் பல்வரிசை உதிர்ந்தது. திரும்பவும் கலக்கினேன்.

மே 25, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் நொயெல் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள். மூன்றாவது தேர்வைப் படம் எடுத்து அச்சிட்டிருந்தாள். படங்களை இடவலமாகப் புரட்டி, கேள்விகளைக் கலைத்து, விடைகளின் வரிசையை மாற்றி. இரண்டு சாயங்காலம் இதற்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"இத எழுதேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். எம்பத்து நாலு வாங்கினவளுக்கு இது என்ன பெருசு?"

ஐம்பத்தொன்று.

அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். "ஐலா, நேத்து நீ எழுதும்போது பின்னாடி நின்னு பாத்தேன். படம் முழுசா வர்றதுக்குள்ள மூணாவதத் தொட்டுட்ட. நீ கேள்விய பாக்கல. கேள்வியோட முகத்த ஞாபகம் வெச்சிருக்க."

"உனக்குப் பொறாமை."

சொல்லிவிட்டேன். அப்படியே, அந்த வார்த்தையை. அவள் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டிச் சேர்த்து, எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம். ஒன்பது தேர்வு. நான் கற்றது எண்ணூற்றுப் பத்துப் படங்களின் முகம்.

மே 26

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்றாள். விட்டாளா, தெரியவில்லை.

ஜூன் 1, சனி

நொயெலுக்குக் கடையில் ரொட்டி சுடும் வேலை, விடியற்காலையிலேயே போய்விடுவாள். மதியம்தான் திரும்புவாள்.

நான் என்னவாக இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான். ஒன்பது தேர்வும் கெட்டுப்போய்விட்டன. முகம் தெரியாத ஒன்று வேண்டும். மீதி இருப்பது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்குத் திறந்தேன். பத்து மணிக்கு முடித்தேன். ஐம்பத்து மூன்று.

ஐம்பத்து மூன்று. கூட்டிக் கழித்து எப்படிப் பார்த்தாலும் அது பத்தொன்பது ஆகாது.

தவறுகளைத் திறந்து பார்த்தேன். பழக்கம். பச்சைக் கட்டங்கள். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினேன். 'தொடங்கப்படவில்லை' என்று காட்டியது. மிகச் சுத்தமாக. யாரும் தொடாததுபோல.

நொயெல் மதியம் இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்தாள். நேற்றைய மிச்சம். ஓரத்துத் துண்டை எனக்குக் கொடுத்தாள், எனக்கு ஓரம் பிடிக்கும் என்பதற்காக.

ஜூன் 2

சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஒன்று கண்டுபிடித்தோம்.

போன வாரத்திலிருந்து நொயெலின் முறைப்படி படிக்கிறோம். பழைய தேர்வுகளே, ஆனால் மதிப்பெண் கிடையாது. விடையை மூடிவைத்துவிட்டு, ஏன் இது, ஏன் அது இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது தெரியாது என்று பொருள். கூச்சமாக இருந்தது. நம் குரல் நமக்கே பொய்யாகக் கேட்கும்.

இன்று துவாரக் கேள்விகள். பதினைந்தில் எனக்கு எப்போதும் ஐந்தோ ஆறோதான் சரியாக வரும். ஒன்றை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்:

"முதல்ல இந்த மூலைய விடறேன். உள்ள போனதும் இப்படித் திருப்பி, மறுபக்கத்த..."

"இரு. என்ன சொன்ன?"

"மூலைய விட்டு, திருப்பி..."

"திருப்பக்கூடாதுடி!"

"ஏன்?"

"விதியே அதானே! வெளிய வெச்சு எப்படி வேணா திருப்பிக்கலாம். உள்ள நுழைய ஆரம்பிச்சிட்டா நேரா போகணும். மொத பக்கத்துல மொத வரியே அதான். நீ படிக்கவே இல்லையா?"

படித்தேன். செப்டம்பரிலும் படித்தேன். மார்ச்சிலும். கண் படித்தது. கை?

என் கைகளைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு இன்னும் வளைந்தபடி காற்றில் நின்றது. அது எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தட்டு. அச்சுத் தட்டு. வாய் எப்போதும் தட்டைவிடச் சிறியது. நேராகப் போகாது. ஒரு மூலையை உதட்டோரத்தில் நுழைத்து, கன்னத்தை விரலால் ஒதுக்கி, உள்ளே திருப்பி, பிறகு மேலே அழுத்தவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. இரண்டு வருடம்.

நான் எல்லாத் துவாரங்களையும் வாய் என்று நினைத்திருக்கிறேன்.

நொயெலுக்குச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பல் டாக்டர் ஆகறதுக்கு உனக்கு இருக்கிற ஒரே தகுதி, அதுவே உன்னக் கவுத்திருக்கு" என்றாள்.

சிரித்து முடித்த இடைவெளியில் சொல்லியிருக்கலாம். பத்தாவதைப் பற்றி. வாய் வரைக்கும் வந்தது.

ஜூன் 10

டார்லீனிடம் சொன்னேன். ஒரு நோயாளியின் வாயில் கண்ணாடி வைத்தபடியே கேட்டார்.

"அப்ப இத்தன நாள் அந்தப் படத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் நீ கன்னத்த ஒதுக்கிட்டா இருந்த?"

நோயாளியும் சிரித்தார். உறிஞ்சு குழாய் நழுவிவிட்டது.

ஜூன் 16

துவாரம்: பதினைந்தில் பதிமூன்று. புதிதாக நொயெல் வரைந்து கொடுத்தவை, முகம் தெரியாதவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன்.

வெளியே வைத்துத் திருப்பு. எல்லாத் திருப்பலும் வெளியே. பிறகு நேராக.

ஜூன் 22, சனி

காலை எட்டரைக்குப் பத்தாவது தேர்வு. சமையலறை மேசையில் இரண்டு கணினி, எதிரெதிரே, இரண்டிலும் ஒரே கணக்கைத் திறந்து. நொயெல் அலாரம் வைத்தாள்.

முதல் படம் வந்ததும் தெரிந்தது. அந்த முகம் ஞாபகம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரே ஒரு முறை பார்த்தது. மறக்க முயன்றேன். மறக்க முயல்வது எப்படி? இரண்டாவது விடை என்று தெரிந்த பிறகு அது ஏன் இரண்டாவது என்று யோசித்தால், அது யோசனையா, நடிப்பா? சில கேள்விகளில் ஒன்றும் ஞாபகம் இல்லை. அவற்றை நானேதான் போட்டேன். எவை என்று பிரிக்க முடியவில்லை.

நான்: 76. நொயெல்: 68.

அவள் மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தாளில் என் எண்ணையும் அவளே எழுதினாள். பக்கத்தில் அவள் எண்.

சாயங்காலம் அப்பாவின் சொந்தக்காரர்களோடு ஏரிக்கரையில் நடுக்கோடை நெருப்பு. எல்லா வருடமும்போல. புகைமீன், உருளைக்கிழங்கு, எங்கள் ஆட்களின் நீண்ட மௌனங்கள். பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. நொயெல் நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"செப்டம்பருக்குத் தள்ளிப்போடப் போறேன்."

"எதுக்கு?"

"நீ அம்பத்தொண்ணுல இருந்து நாலே வாரத்துல எழுபத்தாறு. நான் ஏப்ரல்லேர்ந்து அறுபதுலயேதான் சுத்திக்கிட்டிருக்கேன். உன் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் தெரியுது. எனக்கு இன்னும் நேரம் வேணும்."

செப்டம்பரில் எழுதினால் விண்ணப்பம் கடைசி வரிசையில் போய் நிற்கும். பாதி இடம் அதற்குள் நிரம்பிவிடும். இது அவளுக்கும் தெரியும்.

யாரோ ஒரு கட்டையைத் தள்ளினார்கள். பொறி பறந்தது. நான் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோலை உரித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். தேதியை மாற்றும் பக்கம் கணினியில் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் வாய் திறந்தது.

"நொயெல், அந்த எழுபத்தாறு பொய்."

"என்ன பொய்?"

"பத்தாவத நான் ஏற்கெனவே எழுதிட்டேன். ஒண்ணாம் தேதி. நீ வேலைக்குப் போயிருந்தப்ப. எழுதிட்டு அழிச்சிட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். எல்லாம் நிதானமாக.

"அப்ப எவ்வளவு வந்துச்சு?"

"அம்பத்து மூணு."

"நேத்து நெருப்புகிட்ட நின்னு தள்ளிப்போடறேன்னு சொன்னேனே. அப்ப ஏன் சொல்லல?"

நான் ஓட்ஸ் பாத்திரத்தை மூடியால் மூடினேன்.

"திரும்பி வர்றப்ப கார்ல இருவது நிமிஷம். அப்ப?"

"பயமா இருந்துச்சு."

"என்னத்துக்குப் பயம்? நான் கடிச்சிருவேனா?" குரல் உயரவில்லை. "நீ உன்னையே ஏமாத்திக்கிட்டா அது உன் பாடு. எம்பத்து நாலுன்னு எழுதினப்ப அப்படித்தான் நெனச்சேன். ஆனா இந்த நம்பர என் நம்பர் பக்கத்துல எழுத விட்டியே. என் கையாலயே. நான் அத வெச்சு என்னையே அளந்துக்கிட்டேன், ஐலா."

பேனாவை எடுத்து எழுபத்தாறை அடித்தேன். நன்றாக அடித்தேன், தாள் கிழியும் வரை.

"இப்ப இங்க என்ன எழுதறது?"

"ஒண்ணும் எழுதாத. உனக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. அதான் உண்மை."

ஓட்ஸை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நான் பாத்திரத்தைக் கழுவினேன். அடிப்பிடித்திருந்தது.

ஜூன் 26

என்னிடம் சொல்லவில்லை. தாளில் இருந்தது. 'நொ: ஜூலை 12. மாறவில்லை.'

ஜூலை 4

சுதந்திர தினம். மூடுபனி. வாணவேடிக்கை சத்தம் மட்டும் கேட்டது. நொயெல் ஊருக்குப் போயிருக்கிறாள், எங்கள் பக்கத்தை மாநிலத்தின் தென்பாதியோடு இணைக்கும் பெரிய பாலத்துக்குத் தெற்கே.

தனியாகப் படிக்கிறேன். எண் இல்லாமல். வாய்விட்டுக் காரணம் சொல்லிக்கொண்டு. வீட்டில் யாரும் இல்லாதபோது என் குரல் முன்னைப்போலப் பொய்யாகக் கேட்கவில்லை. சில சமயம், "தெரியல" என்று சத்தமாகச் சொல்கிறேன். அது ஒரு சரியான விடைபோல இருக்கிறது.

என் வெப்பநிலை எனக்குத் தெரியாது. நானேதான் உடைத்தேன்.

ஜூலை 9

கை: இன்று ஐந்து அச்சு. ஒவ்வொரு முறையும் மூலையை விட்டுத் திருப்பும்போது எனக்குள் சொன்னேன், 'இங்கே திருப்பலாம்.'

ஜூலை 11

இரண்டு கார் போகும் என்று நினைக்கிறேன். பேசிக்கொள்ளவில்லை. அவள் ஊரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். பல் துலக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 12, வெள்ளி

தேர்வு மையம் கிரீன் பேயில். மூன்று மணி நேரப் பயணம். ஒன்பது மணிக்குத் தேர்வு. விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டிலிருந்து இறங்கினேன். என் காருக்குப் பக்கத்தில் நொயெல் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு காகிதப் பை.

"ரெண்டு கார் எதுக்கு?" என்றாள்.

அடுத்த நூறு மைல் அதோடு சரி. எஸ்கனாபா வரை இடப்பக்கம் ஏரி. பிறகு மரங்கள். நான் ஓட்டினேன், அவள் சன்னலைப் பார்த்தாள். மெனாமினி எல்லையைத் தாண்டியதும் நேர மண்டலம் மாறி, போனில் மணி பின்னால் குதித்தது. ஏழு இருபது, சட்டென்று ஆறு இருபது.

நான் அதைப் பார்த்தேன். அவளும்.

"நீ இத கணக்குல எடுக்கலையா?" என்றாள்.

"நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"நான் பாலத்தடிப் பூதம். எனக்கெப்படித் தெரியும்? நீதானே இங்கயே பொறந்தவ!"

பாலத்துக்குத் தெற்கே பிறந்தவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. நானாகச் சொல்லியிருக்க முடியாது. அவளாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து, இந்த எல்லையை ஆயிரம் முறை தாண்டியவள் நான். ஒருவரோடொருவர் பேசாமல் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மார்ச்சில் போன மணி நேரம் வாகன நிறுத்தத்தில் திரும்பக் கிடைத்தது. ஆளில்லாத பெரிய தளம், ஒரு கம்பளக் கடை, நாங்கள். நொயெல் பையைத் திறந்தாள். பாஸ்டி. மாட்டிறைச்சியும் கிழங்கும் அடைத்த மாவுப் பண்டம், இன்னும் இளஞ்சூடாக. அவளே சுட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு சின்ன டப்பாவில் இறைச்சிச் சாறு. அதை ஊற்றித் தின்பதை எங்கள் ஊரில் யாரும் மன்னிப்பதில்லை. இரண்டு வருடமாக இதற்குச் சண்டை. பையின் அடியிலிருந்து கெட்ச்அப் பொட்டலம் மூன்றை எடுத்து என் மடியில் போட்டாள்.

"தின்னு. அந்த அசிங்கத்த ஊத்தியே தின்னு."

தின்றோம்.

"நொயெல்..."

"இப்ப வேண்டாம். உள்ள போய்ட்டு நேரா வா. திருப்பாத."

உள்ளே லேமினேட் செய்த தாளும் பேனாவும் கொடுத்தார்கள். காதில் அடைப்பு. முதல் துவாரம். முகம் தெரியாதது. தொண்ணூறில் ஒன்றுகூட முகம் தெரியாது. பயமாக இருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. ஏழாவது கேள்வியில் மணிக்கட்டு மேசைமேல் தானாக வளைந்தது. பார்த்தேன். நேராக்கினேன். வெளியே வைத்துத் திருப்பிப் பார்த்தேன், பிறகு உள்ளே.

நான்கரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது நொயெல் காரில் சாய்ந்து நின்றாள். கையில் அச்சிட்ட தாள். இருபத்திரண்டு என்று தூக்கிக் காட்டினாள்.

"உனக்கு?"

"பத்தொன்பது."

தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"அப்ப சரி. சாவியக் குடு, நான் ஓட்டறேன்."

ஜூலை 13

குளிர்பெட்டித் தாளை எடுத்துவிட்டோம். காந்தம் மட்டும் இருக்கிறது.

அக்டோபர் 6

நேர்காணல் முடிந்தது. என்னென்ன கேட்டார்கள் என்று பெரும்பாலும் ஞாபகமில்லை. உங்கள் மதிப்பெண் எப்படி உயர்ந்தது என்று ஒருவர் கேட்டார். துவாரத்தையும் வாயையும் சொன்னேன். சிரித்தார். பிறகு அழித்த தேர்வையும் சொன்னேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

ஏன் சொன்னேன்? யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் வந்திருந்தால் வழியில் நொயெலுக்கு என்ன சொல்லியிருப்பேன்?

நவம்பர் 19

முதல் கனத்த பனி. நோயாளிகள் ஆறு பேர் வரவில்லை. டார்லீன் காலியான நாற்காலியில் படுத்து, தன் பல்லையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 16, திங்கள்

பத்து மணிக்குப் பையில் போன் அதிர்ந்தது. மேல்வரிசை அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் பசை. ஒரு மூலை, கன்னம், திருப்பு, மேலே அழுத்து. இரண்டு நிமிடம் பிடித்திருந்தேன். நின்றது. மறுபடி அதிர்ந்தது. நின்றது.

மதியம் குரல்பதிவைக் கேட்டேன். அதே சேர்க்கை அலுவலகத்துப் பெண். இரண்டு முறை கேட்டேன். நொயெலுக்கு அனுப்பினேன். அவளுக்குக் காலையிலேயே வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து இடம் வந்துவிட்டதாம். எனக்கு வரும்வரை சொல்லக்கூடாது என்று ரொட்டி அடுப்பருகே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

டார்லீன் சுவரில் புது வருட அட்டவணையை ஒட்டிக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு கட்டம், யார் எந்த வேலை என்று.

"மேல்வரிசை அச்சு பூரா உன் பேர்லயே போட்டுடறேன். வழக்கம்போல வருஷம் பூரா, சரியா?"

"ஜூலை வரைக்கும் போடுங்க, டார்லீன்."

"அது என்ன ஜூலை? ஆகஸ்ட்ல எங்க போற, அந்த..."

நிறுத்தினார். பேனாவோடு அப்படியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். பிறகு ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கட்டமாக என் பெயரை எழுதினார், பெரிய எழுத்தில், நிதானமாக. ஜூலையில் முடித்து, பேனாவை மூடினார்.

ஆகஸ்ட் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.